இருபத்து மூன்றாம் பத்தி

"சண்டையே இல்லாத எடத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என்னடா வேலை?" என்று புதுச்சேரியிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்பாள். "ஒரு வாக்கியம் முடியலம்மா" என்பேன். "ஒரு வாக்கியமா? அத எத்தன பேரு எழுதுறீங்க?" "இருபத்தாறு நாடு." கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அப்பாவுக்கு இந்தச் சந்தேகம் எதுவும் கிடையாது. அவர் சொல்தா, பிரெஞ்சுப் படையில் இந்தோசீனா வரை போய் வந்தவர். மேலிடத்துக் காகிதம் முடியக் காத்திருப்பதுதான் படை வாழ்க்கையில் பாதி என்று அவருக்குத் தெரியும்.

பிரஸ்ஸல்ஸில் நேட்டோ தலைமையகத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். அந்த அமைப்புக்கு ஆட்சிமொழிகள் இரண்டு, ஆங்கிலமும் பிரெஞ்சும். உறுப்பு நாடுகளின் குடிமக்களைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். புதுச்சேரி 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. லிசே பள்ளியில் படித்த பிரெஞ்சு, அப்பாவின் பாஸ்போர்ட் இரண்டும் சேர்ந்து வைசியாள் வீதிப் பையனை பிரஸ்ஸல்ஸின் எவேர் பகுதியில் இருந்த அந்த நீளமான, தாழ்ந்த கட்டடத்துக்குக் கொண்டு போயின. 1966இல் தெ கோல் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கிக்கொண்ட பிறகு, பாரிசை விட்டு வந்த நேட்டோவுக்காக 1967இல் அவசர அவசரமாகக் கட்டிய தற்காலிகக் கட்டடம் அது. ஐம்பது ஆண்டு தாங்கியது.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் எளிதில் பிடிபடாது. அங்கே வாக்கெடுப்பே கிடையாது. கை தூக்கி எண்ணுகிற வழக்கம் 1949 முதல் இன்றுவரை இல்லை. லக்சம்பர்கும் அமெரிக்காவும் ஒரே அளவு பெயர்ப்பலகையோடு, நாட்டுப் பெயர்களின் ஆங்கில அகர வரிசையில் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் ஒப்ப வேண்டும், அல்லது யாரும் மறுக்காமல் இருக்க வேண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல. கூட்டறிக்கை என்ற பொருளே இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பிறக்கிறது.

முதல் வரைவைச் செயலகம் எழுதும். பிறகு துணைத் தூதர்கள் கூடி வரிவரியாகப் படிப்பார்கள். ஒரு நாட்டுக்குப் பிடிக்காத சொல்லைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி விழும். மாற்றுச் சொல்லுக்கு இன்னொரு அடைப்பு, இரண்டையும் ஏற்காதவர் வைக்கும் மூன்றாவது சொல்லுக்கு மேலும் ஒன்று. உச்சிமாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வரும் வரைவில் எழுத்தைவிட அடைப்புகளே கண்ணில் படும். பிரெஞ்சு வடிவம் ஆங்கிலத்தோடு அதே நேரத்தில் வெளியாக வேண்டும் என்பதால் எங்களில் ஒருவர் அறையின் பின்வரிசையில் இருப்பார். பேச எங்களுக்கு உரிமையில்லை. ஆகவே கவனிக்க நிறைய நேரம் கிடைத்தது.

நான் கவனித்தவரை, அந்த அறையில் நல்ல எழுத்தாளர்கள் வெற்றி பெறுவதில்லை. நினைவாற்றல் உள்ளவர்களே வெற்றி பெறுகிறார்கள். "இது போன மாநாட்டில் நாம் ஏற்றுக்கொண்ட வாசகம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதைத் தொட அடுத்தவர் தயங்குவார். ஒருமுறை இருபத்தாறு பேரும் ஒப்பிய சொற்றொடர் பிறகு சொத்து மாதிரி. புதிதாக ஒன்றை எழுதினால் மறுபடி எல்லோரும் தலைநகரங்களைக் கேட்க வேண்டும். எனவே தூதர்கள் பழைய அறிக்கைகளைப் பத்தி எண்ணோடு மனப்பாடமாக வைத்திருப்பார்கள். சிலர் இடைவேளையில் எங்கள் அறைக்கு வந்து, முந்தைய அறிக்கையில் ஒரு விஷயத்தை வரவேற்றோமா, வெறுமனே கவனத்தில் கொண்டோமா என்று கேட்பார்கள். அந்தப் படிவரிசையில் வரவேற்பது மேலே, கவனத்தில் கொள்வது கீழே. பத்திரிகைக்காரர்கள் இதைப் படித்து "ஒரே அறிக்கையை மாற்றி மாற்றி விடுகிறார்கள்" என்று கேலி செய்வார்கள். மாறாத தொண்ணூறு வரிகளுக்கு நடுவில் மாறிய இரண்டு வரிகளைத் தேடிப் படிக்கிறவர்களுக்காகத்தான் அது எழுதப்படுகிறது. அப்படிப் படிக்கிறவர்கள் மாஸ்கோவில் எப்போதும் இருந்தார்கள்.

பேச்சு முடியாத இடத்தில் மௌனம் வரும். இறுதி வாசகத்தை எல்லாத் தூதரகங்களுக்கும் சுற்றுக்கு விட்டு, இன்ன நாள் இன்ன மணிக்குள் மறுப்பு வராவிட்டால் எல்லோரும் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று கெடு வைப்பார்கள். எதிர்ப்பவர் எழுத்தில் சொல்லவேண்டும். அதற்கு "மௌனத்தைக் கலைப்பது" என்று பெயர். தனியாகக் கலைப்பதற்குப் பெரிய தைரியம் வேண்டும். அதனால் கெடுவுக்கு முந்தைய இரவில், கூடக் கலைக்க இன்னொரு நாடு கிடைக்குமா என்று தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கும். வாஷிங்டன் பிரஸ்ஸல்ஸுக்கு ஆறு மணி நேரம் பின்னால். காலை 10 மணி என்று கெடு வைத்தால் அங்கே விடியற்காலை 4. கெடு எந்த மணிக்கு என்பதிலேயே ஒரு அரசியல் உண்டு. கலைத்தவர்கள் யாரும் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "தலைநகரத்து உத்தரவு" என்பார்கள். அந்த உத்தரவைத் தலைநகரத்திடம் கேட்டு வாங்கியவரே அவராக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு.

எங்கள் பிரிவில் எல்லோருக்கும் பழகிப்போன இன்னொரு சங்கதி நட்சத்திரக் குறி. மாசிடோனியா என்ற பெயரைக் கிரேக்கம் ஏற்கவில்லை. தன் வடக்கு மாகாணத்தின் பெயர் அது என்றது. ஆகவே நேட்டோ ஆவணங்களில் "முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு" என்று எழுதுவோம். துருக்கிக்கு அந்தச் சுற்றுப்பெயரில் சம்மதமில்லை. அதனால் பெயர் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரம், அடியில் ஒரு குறிப்பு: துருக்கி மாசிடோனியக் குடியரசை அதன் அரசியலமைப்புப் பெயரால் அங்கீகரிக்கிறது. ஆண்டுக்கணக்காக இதே குறிப்பு. அச்சுக்குப் போகும் பிரதியில் உள்ளடக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பழக்கம். பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த என் மூத்த சகா ஒருத்தி, "இந்த வீட்டில் சமாதானம் என்பது ஏழாம் எழுத்தளவில் அடிக்குறிப்பாக அச்சாவது" என்பாள். ஆனால் அந்தக் குறிப்பு மாசிடோனியத் தலைநகரான ஸ்கோப்யேக்காரர்களுக்காக எழுதப்பட்டதல்ல. அவர்களுடைய பெயரைப் பற்றி ஏதென்ஸும் அங்காராவும் செய்துகொண்ட ஏற்பாடு அது. பெயருக்கு உரியவர்கள் அறையில் இல்லை.

இந்தக் கூட்டணி பிறந்ததே ஒரு வாக்கியப் பேரத்தில்தான். 1948ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையில் இருந்ததுபோல, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர்கள் தம் சக்திக்கு உட்பட்ட எல்லா ராணுவ உதவியும் செய்யவேண்டும் என்ற உறுதியை ஐரோப்பியர்கள் கேட்டார்கள். போரை அறிவிக்கும் அதிகாரம் தம் காங்கிரஸுக்கு உரியது என்று அமெரிக்க செனட்டர்கள் வாண்டன்பர்கும் கானலியும் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் நேட்டோ உடன்படிக்கையின் 5ஆம் பிரிவில் நுழைந்தது, ஒவ்வொரு நாடும் "தான் அவசியமெனக் கருதும் நடவடிக்கையை" எடுக்கும் என்ற தொடர். 6ஆம் பிரிவு எந்த நிலம் காப்புக்குள் வரும் என்று வரையறுத்தது. பிரான்ஸ் கேட்டதற்காக அல்ஜீரிய மாவட்டங்களைச் சேர்த்தார்கள். தீவுகளுக்குக் கடக ரேகையை எல்லையாக வைத்தார்கள். 1949 ஏப்ரலில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. ஆனாலும் அப்பா பிறந்த மண் அந்த உடன்படிக்கைக்கு வெளியே. அவர் சேர்ந்த படை உள்ளே. இதை அவரிடம் ஒருமுறை சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார்.

கோவா கதையும் இதே ரகம். 1955 டிசம்பர் 2ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸும் போர்ச்சுகலின் வெளியுறவு அமைச்சர் குன்யாவும் ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். அப்போது குருஷ்சேவும் புல்கானினும் ஆசியாவில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சோவியத் பேச்சுகளைக் கண்டிக்கும் சாக்கில் "தூரக் கிழக்கில் உள்ள போர்ச்சுகீசிய மாகாணங்கள்" என்ற தொடர் அறிக்கையில் ஏறிவிட்டது. கோவா தூரக் கிழக்கிலும் இல்லை, மாகாணமாக இருக்க அது சம்மதிக்கவும் இல்லை. இந்தியா கொதித்தது. நேட்டோவில் ஒரு நட்பு நாட்டின் மனம் குளிர எழுதிய சில சொற்கள் டெல்லியில் ஆண்டுக்கணக்கில் கசந்தன. பழைய கோப்புகளில் இதைப் படித்தபோது, அந்தத் தொடரை எழுதிய அலுவலர் கோவாக்காரர் ஒருவரையாவது பார்த்திருப்பாரா என்றுதான் எனக்குத் தோன்றியது.

வேகமாக முடிந்த அறிக்கையும் ஒன்று உண்டு. 2001 செப்டம்பர் 11 பிற்பகல், இன்றியமையாதவர்கள் தவிர மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் முழுக்கப் பேச்சு. இரவில் 19 நாடுகளும் 5ஆம் பிரிவை வரலாற்றில் முதல்முறையாக எடுத்தன. ஆனால் ஒரு நிபந்தனையோடு: இந்தத் தாக்குதல் வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்டது என்று உறுதியானால். அந்த "ஆனால்" அக்டோபர் 2 வரை உயிரோடு இருந்தது. அன்று அமெரிக்கர்கள் வந்து விவரம் சொன்ன பிறகு அதை எடுத்தார்கள். எனக்கு அந்த அறிக்கை மீது மரியாதை உண்டு. அதில் தயக்கம் மறைக்கப்படவில்லை, வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. நிபந்தனை எப்போது தீரும் என்பதும் வாசிப்பவருக்கு விளங்கியது.

புகாரெஸ்டில் அப்படி இல்லை.

2008 ஏப்ரல் 2 முதல் 4 வரை மாநாடு. இடம், சௌஷெஸ்கு தனக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை. அளவில் பென்டகனுக்கு அடுத்தபடி இதுதான் என்று ருமேனியர்கள் பாதிப் பெருமையும் பாதிச் சலிப்புமாகச் சொல்வார்கள். எங்கள் குழுவுக்குக் கொடுத்த அறையில் பளிங்கு நிறைய இருந்தது, மின்சார இணைப்புகள்தான் குறைவு. அறிக்கையின் பெரும்பகுதி பிரஸ்ஸல்ஸிலேயே முடிந்துவிட்டது. அடைப்பு நீங்காத இடங்கள் சில. அவற்றில் கனமானது உக்ரைனும் ஜார்ஜியாவும். அந்த இரு நாடுகளுக்கும் உறுப்பினராவதற்கான செயல்திட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஜார்ஜ் புஷ் உறுதியாக இருந்தார். மாநாட்டுக்கு வரும் வழியில் கீவுக்கே போய்ச் சொல்லிவிட்டும் வந்திருந்தார். போலந்தும் பால்டிக் நாடுகளும் அவர் பக்கம். ஜெர்மனியும் பிரான்சும் மறுத்தன. ஜார்ஜியாவில் தீராத எல்லைப் பிரச்சினை, உக்ரைனில் மக்களிடமே ஆதரவு போதாது, ரஷ்யாவைச் சீண்ட இது நேரமில்லை என்பவை அவர்களுடைய வாதங்கள்.

2ஆம் தேதி இரவு விருந்தில் தலைவர்களால் முடிக்க முடியவில்லை. வெளியுறவு அமைச்சர்களின் விருந்தில் குரல்கள் உயர்ந்தன என்று காரிடாரில் செய்தி வந்தது. எங்கள் வரைவில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. மற்ற பத்திகளைச் சரிபார்த்து, காப்பி குடித்து, திரும்பவும் சரிபார்த்தோம். மறுநாள் காலை, துணைத் தூதர்களும் தூதர்களும் வாரக்கணக்கில் செய்கிற வேலையைத் தலைவர்கள் தாங்களே செய்தார்கள். மேர்க்கெலும் கிழக்கு ஐரோப்பியத் தலைவர்களும் அறையின் ஓரத்தில் கூடி வாசகத்தைத் திருத்தினார்கள் என்று அங்கிருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

காகிதம் எங்களிடம் வந்தது. 23ஆம் பத்தி. உக்ரைன், ஜார்ஜியாவின் விருப்பத்தை நேட்டோ வரவேற்கிறது. "இந்நாடுகள் நேட்டோவின் உறுப்பினர்களாகும் என்று இன்று ஒப்புக்கொண்டோம்." செயல்திட்டம் இன்று இல்லை, அது அடுத்த படி, டிசம்பரில் வெளியுறவு அமைச்சர்கள் நிலைமையைப் பார்ப்பார்கள்.

மொழிபெயர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு எளிய வாக்கியம் அந்த ஐம்பது பத்திகளிலும் வேறு இல்லை. மூத்த சகா அதை இரண்டு முறை வாசித்தாள். "செயல்திட்டம் கொடுக்க முடியாது என்றவர்கள் உறுப்பினர் பதவியையே கொடுத்திருக்கிறார்களே" என்றாள். "தேதி எங்கே?" என்றேன். "தேதி இருந்திருந்தால் வாக்கியம் இருந்திருக்காது."

எப்படி நடந்தது என்று யோசித்தால் புரிகிறது. இன்று வேண்டாம் என்றவர்களுக்கு இன்று எதுவும் நடக்காது என்பது கிடைத்தது. வேண்டும் என்றவர்களுக்கு ஒரு நாள் கட்டாயம் நடக்கும் என்பது கிடைத்தது. அறைக்குள் இருந்த 26 பேரும் அந்த வாக்கியத்தின் எடை எவ்வளவு என்று துல்லியமாக அறிந்திருந்தார்கள். அவர்களில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கூட்டறிக்கை மொழியின் மங்கலை ஏமாற்று என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த அளவுக்கு ஒப்பினார்களோ அந்த அளவைத்தான் அது காட்டுகிறது. சிக்கல், அறைக்கு வெளியே இருப்பவர்கள் கையில் அந்த அளவுகோல் கிடையாது என்பது. ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் அதை வாக்குறுதியாகப் படித்தார்கள். மறுநாளே நேட்டோ-ரஷ்யா கூட்டத்துக்கு வந்த புடின் அதை மிரட்டலாகப் படித்தார். வாசகத்தில் பெயர் இருந்த இரண்டு நாடுகளுக்கும் அந்த மேசையில் நாற்காலி இல்லை.

ஆகஸ்டில் ஜார்ஜியாவில் போர். ஐந்து நாள். பிறகு உக்ரைனில் 2014, பிறகு 2022. ஒரு வாக்கியம் போரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். போரைத் தொடங்குகிறவர்கள்தான் அதற்குப் பொறுப்பு. ஆனால் காவலும் தராமல் கதவையும் மூடாமல் இரண்டு நாடுகளை வாசலில் நிறுத்திய வாக்கியம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை எழுதியவர்கள் அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். நாங்களும்தான்.

அதே மாநாட்டில் மாசிடோனியாவைக் கிரேக்கம் நிறுத்திவைத்தது. பெயர்ச் சிக்கல் தீர்ந்ததும் அழைப்பு வரும் என்று எழுதினோம். அதைக் கிரேக்கம் தடுத்தது ஒப்பந்த மீறல் என்று 2011இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. அறிக்கையின் வாசகம் அசையவில்லை. மாநாடு முடிந்து பத்தாண்டு கழித்து, 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. புதுப்பெயர் இன்னும் சட்டமாகவில்லை, பழைய பெயரும் உதவாது. அந்த ஜூலை அறிக்கையில் "ஸ்கோப்யேயில் உள்ள அரசு" அழைக்கப்பட்டது. நாட்டின் பெயரைச் சொல்லாமலே நாட்டை அழைத்த அந்த வரியை எழுதியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். 2020இல் வட மாசிடோனியா உள்ளே வந்தது. நட்சத்திரம் ஓய்வு பெற்றது.

2018 அறிக்கையில் வேறொரு விந்தையும் நடந்தது. மாநாடு ஜூலை 11ஆம் தேதி தொடங்கியது. கடைசி அடைப்பு மாநாட்டு அறையில்தான் நீங்கும் என்பது வழக்கம். அந்த முறை 6ஆம் தேதி வெள்ளிக்கிழமையே தூதர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். சனி, ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து படிக்கும் பாக்கியம் கிடைத்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. ஊகிக்கக் கடினமும் இல்லை. ஒரு மாதம் முன்பு கனடாவின் ஷார்ல்வுவாவில் ஜி7 தலைவர்கள் ஒப்பிய கூட்டறிக்கையை, சிங்கப்பூருக்குப் பறந்துகொண்டிருந்த டிரம்ப் விமானத்திலிருந்தே ட்விட்டரில் உதறிவிட்டிருந்தார். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் விவரமாக எழுதியது: அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் போல்டனே, மாநாட்டுக்கு முன்பு வாசகத்தை முடித்துப் பூட்டிவிடும்படி கேட்டிருந்தார். தன் தலைவரிடமிருந்து தன் நாட்டின் சம்மதத்தைக் காப்பாற்ற ஒரு தூதுக்குழு உழைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அறிக்கைகளின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 வேல்ஸ் அறிக்கை 113 பத்தி, 2016 வார்சா 139. கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விடுபட்டால் வராத மாமன்கள் மாதிரி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் பக்கத்துக் கடலைப் பற்றி ஒரு பத்தி வேண்டும். வார்சா முடிந்தபோது மூத்த சகா ஓய்வு பெற்றாள். அந்த 139 பத்திதான் காரணம் என்று இன்றும் சொல்கிறாள்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் மாநாடு முடிந்த அன்று அறிக்கையை எடுத்து அந்த ஒரு வாக்கியத்தைத் தேடும் பழக்கம் போகவில்லை. 2023 வில்னியஸில் அது இருந்தது. உக்ரைனுக்கும் சரி, ஜார்ஜியாவுக்கும் சரி, புகாரெஸ்ட் முடிவை மறுபடி உறுதி செய்திருந்தார்கள். கூடவே, உறுப்பு நாடுகள் ஒப்பி நிபந்தனைகளும் நிறைவேறினால் உக்ரைனை அழைக்கும் நிலையில் இருப்போம் என்று ஒரு வரி. மாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த செலென்ஸ்கி அந்த வாசகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, காலவரையறை இல்லாதது அபத்தம் என்று பகிரங்கமாக எழுதினார். பதினைந்து ஆண்டு கழித்து, வாக்கியத்தில் பெயர் இருந்தவர் வாக்கியத்துக்குப் பதில் சொன்னார். தூதர்கள் முகம் சுளித்ததாகக் கேள்வி. எனக்கு அது நியாயமாகவே பட்டது.

2024 வாஷிங்டனில் உக்ரைனின் பாதை "மீளமுடியாதது" ஆனது. ஜார்ஜியா உறுப்பினராகும் என்ற வரியைக் காணவில்லை. 2025 ஜூனில் ஹேக் நகரத்து அறிக்கை வந்தது. மொத்தமே ஐந்து பத்தி, பெரும்பாலும் பணக் கணக்கு: 2035க்குள் பாதுகாப்புக்கு ஆண்டுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம். "நாங்கள்" உறுதியளிக்கிறோம் என்பதா, "உறுப்பு நாடுகள்" உறுதியளிக்கின்றன என்பதா என்று ஸ்பெயினின் பொருட்டு ஒரு இழுபறி நடந்ததாகப் பத்திரிகைகளில் படித்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். புகாரெஸ்ட் வாக்கியம் அதில் இல்லை, உக்ரைனுக்கும் இல்லை. அதை யாரும் ரத்து செய்யவும் இல்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வாசகம் கோப்பில் கிடக்கிறது. நாளைக்கு ஏதாவது ஒரு தூதர் கேட்டால், பத்தி எண்ணோடு எடுத்துக் கொடுக்கலாம். பிரெஞ்சு வடிவமும் தயார்.